எட்டுப் படத்திலும் நின்ற ஆள்

ஒரு மனிதனுடைய முகத்துக்கு விலை ஆறணா என்று அங்கமுத்து சொன்னான். மருதாசலம் பழக்க தோஷத்தில் மூன்றணாவுக்குக் கேட்டார்.

"மூணணாவுக்குப் பாதி மொகந்தானுங்க வரும், தரகரே. மூக்குக்கு இந்தப் பக்கம் வேணுமா, அந்தப் பக்கம் வேணுமான்னு நீங்களே சொல்லிப் போடுங்க."

மருதாசலத்துக்கு இப்படிப் பதில் சொல்லிவிட்டு நிம்மதியாக நிற்கிறவர்கள் செவ்வாய்ச் சந்தையில் குறைவு. திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே, சாலையோரத்துப் புளியந்தோப்பில் கூடுகிற மாட்டுச்சந்தை அது. அங்கே அவருக்கு இருபத்தெட்டு வருஷத் தரகு. மாட்டின் வாயைத் திறக்காமலே வயசு சொல்லுவார். மனிதன் வாயைத் திறந்து சத்தியம் செய்தாலும் பல்லைத்தான் பார்ப்பார்.

அங்கமுத்து சேலத்து அம்மாபேட்டைக்காரன், நாற்பது வயசு. தறியில் கூலி கட்டவில்லை என்று ஒரு படப்பெட்டியை வாங்கிக்கொண்டு சந்தை சந்தையாகப் போகிறவன். மூன்று கால் வைத்த மரப்பெட்டி. முன்னால் பித்தளை மூடி போட்ட கண்ணாடி. பின்னால் யானைத் தும்பிக்கையை அறுத்துத் தைத்த மாதிரி ஒரு கறுப்புத் துணிக்குழாய். மூடியைக் கண் சிமிட்டும் நேரம் திறந்து மூடுவான். பிறகு முழங்கை வரைக்கும் கையைத் துணிக்குழாய்க்குள் விட்டு, புளியமரத்துக் காக்காயைப் பார்த்துக்கொண்டே உள்ளே எதையோ துழாவுவான். மருந்துத் தட்டெல்லாம் பெட்டிக்குள்ளேயே. கொஞ்ச நேரத்தில் ஈரத் தாள் ஒன்று வெளியே வரும்.

ஆளை முக்காலியில் உட்காரவைத்து, பட்டன் போடச் சொல்லி எடுக்கிற படம் அவனுக்கு வயிற்றுப்பாடு. ருசி வேறு. மோர் குடிக்கிறவன், மாட்டுக்கு லாடம் அடிக்கும்போது பல்லைக் கடிக்கிறவன், கொடுத்த விலைக்காக அழப்போகிறவன், இவர்களை யாருக்கும் தெரியாமல் பெட்டியைத் திருப்பி எடுத்துவிடுவான். சாயங்காலம் அந்த முகத்தை அந்த ஆளுக்கே விற்பான். சிலர் ஆசைப்பட்டு வாங்குவார்கள். சிலர் கிழித்துப் போடுவதற்காகவே வாங்குவார்கள். அங்கமுத்துவுக்கு இரண்டும் ஆறணாதான்.

சந்தைக்கு அவன்மேல் சந்தேகம் வந்தது ஆச்சரியமில்லை. ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. எதிரே வருகிறவன் பேச வாயைத் திறந்தால் முதலில் மோந்து பார்க்கிற காலம். பெட்டிக்காரன் ரகசியப் போலீஸ், கண் சிவந்தவனை எல்லாம் படமெடுத்துச் சேலத்துக்கு அனுப்புகிறான் என்று பேச்சு. அவன் பெட்டியைத் திருப்பினால் நாலு பேர் துண்டால் மூஞ்சியைத் துடைப்பார்கள், இரண்டு பேர் எருமைக்குப் பின்னால் குனிவார்கள்.

மருதாசலத்தின் சந்தேகம் அந்த ஜாதி இல்லை. துணிக்குள் கைவிட்டுச் செய்கிற காரியம் எதுவானாலும் அதில் இரண்டு கணக்கு இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய தொழிலே அதுதான். மாட்டுச்சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. இரண்டு கைமேல் ஒரு துண்டைப் போட்டு, துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேச வேண்டும். ஒரு விரல் பிடித்தால் ஒன்று, அஞ்சையும் சேர்த்துப் பிடித்தால் அஞ்சு. பத்தா நூறா என்பது இரண்டு பேருக்கும் தெரியும். சுற்றி நிற்கிறவனுக்குத் துண்டு நெளிவதுதான் தெரியும்.

அவருக்குத் தொழிலில் கூட்டு சென்னிமலை. மனைவி காளியாத்தாளின் அண்ணன், அதாவது மச்சான். விற்கிறவனிடம் துண்டு போடுவது மருதாசலம். வாங்குகிறவனிடம் துண்டு போடுவது சென்னிமலை. வாங்குகிறவன் எத்தனை விரல் கொடுத்தான் என்பது சென்னிமலைக்கு மட்டும்தான் தெரியும், அவர் வந்து சொல்வதுதான் விலை. இருபத்தெட்டு வருஷம் அப்படியே நடந்தது. இப்போது நாலைந்து சந்தையாக மருதாசலம் ஒன்றைக் கவனித்தார். விலை முடிந்த பிறகு சென்னிமலை வாங்கினவனை ஓரமாகக் கூட்டிப்போய் மறுபடியும் துண்டைப் போடுகிறார். முடிந்த வியாபாரத்துக்கு இரண்டாம் துண்டு எதற்கு?

எதற்கு என்று மருதாசலத்துக்கு நன்றாகத் தெரியும். காவிரியில் பெருவெள்ளம் வந்த வருஷம், கரையோரத்தில் எல்லாரும் மாடு கன்றைப் பறிகொடுத்துவிட்டு மாட்டு ஜோடிக்கு அலைந்தபோது, சென்னிமலை காய்ச்சலில் படுத்துக் கிடந்தார். அன்றைக்கு இரண்டு பக்கமும் மருதாசலமே துண்டு போட்டார். குமாரபாளையத்துக்காரன் ஒருவனிடம் விலை முடிந்த பிறகு, இரண்டாம் துண்டுக்குள் பன்னிரண்டு ரூபாய் கூடக் கறந்தார். அந்தப் பன்னிரண்டு மச்சானுடைய காதுக்குப் போகவில்லை. பதினாலு வருஷம் ஆகிறது. தப்பு என்று அவர் நினைத்ததில்லை. நினைக்காமல் இருப்பதற்காக அதை ஞாபகத்தின் அடித்தட்டில் போட்டு, மேலே வேறு மூட்டைகளை அடுக்கியிருந்தார்.

இப்போது சங்கதி பன்னிரண்டு ரூபாயோடு நிற்கிறதாக இல்லை. மருதாசலத்தின் மகள் சௌந்திரத்தைச் சென்னிமலையின் மகனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை உப்புச்சர்க்கரை மாற்றி உறுதி செய்ய வேண்டும். அது மாற்றியாகிவிட்டால் பெண்ணும் அந்த வீட்டுக்கு, பெண்ணோடு அவருடைய காடு தோட்டமும் அந்த வீட்டுக்கு. கூட்டாளியையே வஞ்சிக்கிறவன் சம்பந்தியானால் என்ன செய்ய மாட்டான்? வெள்ளிக்கிழமைக்குள் தெரிந்தாக வேண்டும்.

அதற்காகத்தான் அவர் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் முகத்துக்கு விலை கேட்டது.

"என்ற மொகம் வேண்டாம்," என்று குரலைத் தாழ்த்தினார். "வேறொருத்தரு மொகம். அதோ, வெள்ளெருமைக்கு அக்கட்டால தண்டியா நிக்கறாரே, அவரு. அவரு துண்டுக்குள்ள கையை உட்டாருன்னா நீ எடுக்கோணும். மொதத் துண்டையும் எடு, ரெண்டாந் துண்டையும் எடு. அவருக்குத் தெரியப்படாது."

"தெரியாம எடுக்கறதுதானுங்களே நம்ம தொழிலு. எட்டுத் தாளு மிச்சமிருக்குது. எட்டு மொகம், மூணு ரூவா."

"மொகத்துக்கு ரெண்டணா."

அங்கமுத்து சிரித்தான். ஒரு பழைய தாளை எடுத்து நீட்டினான். அதில் ஒரு கறுப்பு வானத்துக்குக் கீழே, வெள்ளைக்காரத் துரை மாதிரி வெளுத்த முகத்தோடு, கறுப்பு வேட்டி கட்டிய ஒரு ஆள் நின்றான்.

"மொதல்ல இந்தக் கறுப்புத் தாளு வருமுங்க. இதைப் பெட்டிக்கு முன்னால நிறுத்தி மறுபடியும் எடுத்தாத்தான் நெசமான படம். கறுப்புத் தாளோட நிறுத்திக்கிட்டா ரெண்டணாவுக்குக் கட்டும். ஆனா இதைப் பாத்து ஒரு முடிவுக்கு வரப்படாதுங்க. இதுல வெள்ளை கறுப்பாயிரும், கறுப்பு வெள்ளையாயிரும், அப்பறம்..."

"வெள்ளெருமையைக் காராம்பசுன்னு வித்தவன்கிட்டச் சொல்றியா? ரெண்டணா. எட்டுக் கறுப்புத் தாளு. ஒரு ரூவா."

அப்புறம் என்று அவன் எதைச் சொல்ல வந்தானோ, அது பேரத்தில் போய்விட்டது. முகத்துக்கு நாலணா மிச்சப்படுத்துகிறவன் வாயை அடைப்பதில்தான் கெட்டிக்காரன். காதைத் திறக்க மாட்டான்.

அன்று பூராவும் மருதாசலம் தெற்கு மூலையில் விற்கிறவர்களோடு இருக்க வேண்டியவர். இருந்தார், பாதி நேரம். மீதி நேரம் பெட்டிக்காரன் சொன்ன வேலையைச் செய்கிறானா என்று பார்க்க வந்தார். வந்த இடத்தில் மச்சான் துண்டு நெளிவதையும் கொஞ்சம் பார்த்தார். வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால், தீவனக் கட்டுக்குப் பின்னால், மோர்ப்பந்தல் கம்பத்துக்குப் பின்னால். தன்னை யாரும் பார்க்கவில்லை என்பதில் அவருக்கு அவ்வளவு உறுதி. அந்த யாரும் என்பதில் தன்னையும் சேர்த்துக்கொண்டதுதான் விசேஷம்.

பொழுது சாய எட்டுத் தாளும் கைக்கு வந்தன. தோப்புக்கு வெளியே போய், வெளிச்சத்துக்கு நேரே ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார்.

சென்னிமலையை அடையாளம் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. வெள்ளை முகம் ஆனால் என்ன, அந்தத் தொந்தி, அந்தக் கால் அகட்டல், இருபத்தெட்டு வருஷம் பக்கத்திலிருந்து பார்த்த உடம்பு. மருதாசலம் கையைப் பார்த்தார். எட்டிலும் சென்னிமலை துண்டுக்குள் விட்டிருந்தது இடது கை. இடது கையால் விலை பேசினால் சந்தையில் அடி விழும். அது மாட்டுக்கே அவமானம். அப்படியானால் அது விலைப் பேச்சே இல்லை, வேறு பேச்சு.

அதைவிட மோசமானது பின்னால் இருந்தது. எட்டுப் படத்திலும் ஒரே ஆள் நின்றுகொண்டிருந்தான். ஒன்றில் சக்கரத்துக்குப் பின்னால். ஒன்றில் கம்பத்துக்குப் பின்னால். கழுத்தைப் பிணந்தின்னிக் கழுகு மாதிரி நீட்டிக்கொண்டு, ஒரு தோளை ஏற்றிக்கொண்டு, துண்டையே பார்க்கிறான். மூன்றாவது தாளில் பெட்டிக்கு ரொம்பக் கிட்டத்தில், இரண்டு காதும் தெரியப் பாதி பக்கவாட்டாக மாட்டியிருந்தான். வாய் பாதி திறந்திருந்தது. இடது காதில் மட்டும் கடுக்கன். வலது காதுச் சோணை கிழிந்து தொங்கியது.

"களவாணிப்பய," என்றார் மருதாசலம். "ஆளைப் போட்டு வேலை பாக்கறாரா மச்சான்?"

திரும்பி வந்து மோர்ப்பந்தல் அங்கம்மாளிடம் விசாரித்தார். சந்தையில் யார் எத்தனை செம்பு மோர் குடித்தான், குடித்துவிட்டு யாரைத் திட்டினான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"ஏனுங்கம்மிணி, இன்னைக்கு இந்தக் கம்பத்துக்குப் பின்னால ஒருத்தன் நின்னானா? ஒத்தைக் கடுக்கன். சோணை அறுந்தவன்."

"ஒத்தைக் கடுக்கனா? உங்களாட்டமா?"

"எனக்கு வலது காதுல. இடது காதுதான் மயிலைக் காளை கொம்புல அறுந்துச்சு. அவனுக்கு நேர் எதிரு."

அங்கம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "கம்பத்துக்குப் பின்னால காலையில இருந்து மூணு தடவை நின்னது நீங்கதானுங்க. என்ற மோருச்சட்டியைப் பாக்கறீங்களாக்கும்னு நான் மூடிகூடப் போட்டு வெச்சேன்."

"என்னைச் சொல்லல. இன்னொருத்தன்."

"நீங்க நின்ன எடத்துல இன்னொருத்தன் நிக்கோணும்னா உங்க மேலதானுங்க நிக்கோணும்."

நடந்து வீட்டுக்குப் போகும்போது மருதாசலத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கின விதம் அப்படி. மச்சான் தன்னைப் போலவே ஒருவனைத் தயார் செய்திருக்கிறார்! அதே ஒற்றைக் கடுக்கன், அதே அறுந்த சோணை. வாங்குகிறவன் திரும்பிப் பார்த்தால், அட, கூட்டாளி மருதாசலமும் அங்கேதான் நிற்கிறார், அவருக்கும் சம்மதம்தான் என்று நினைத்துக்கொள்வான். வேஷம் கட்டினவன் அவசரத்தில் காதை மட்டும் மாற்றிவிட்டான். எவ்வளவு பெரிய சூது! இதைக் கண்டுபிடித்த தன் புத்தியை நினைத்து அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் நாவிதர் மாரியைக் கூப்பிட்டார். நாள் சரியில்லை, உப்புச்சர்க்கரையைத் தள்ளி வைக்கலாம் என்று சென்னிமலை வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார். மாரி படியிறங்கும்போதே காளியாத்தாள் வந்துவிட்டாள்.

"என்னங்க இது? நாளு குறிச்சது நீங்க. இப்ப சரியில்லைங்கறதும் நீங்களா?"

"உங்கண்ணன் களவாணி."

"எங்கண்ணனா?" காளியாத்தாள் கையிலிருந்த சாணக் கூடையைக் கீழே வைத்தாள். சண்டை நீளமாகப் போகும் என்பதற்கு அதுதான் அடையாளம். "ஒரு படி ராகி கடன் வாங்குனாத் தலை தட்டாம, ஒரு குத்துக் கூடப் போட்டுத் திருப்பிக் குடுக்கறவன் எங்கண்ணன்."

அவர் மூன்றாவது தாளை நீட்டினார். "இவனைப் பாரு. உங்கண்ணன் போட்ட ஆளு. என்னையாட்டமே வேசங் கட்டியிருக்கறான்."

அவள் தாளை வாங்கி வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். சிரிக்கவில்லை. அதுதான் மோசம்.

"இது நீங்கதானுங்க."

"கண்ணு தெரியலையா? இவனுக்கு இடது காதுல கடுக்கன்."

"காது எப்படியோ போவுட்டும். நான் ஆத்துல தண்ணி மொண்டுட்டு வந்தா, யாரு கூடப் பேசறாளோன்னு படலுக்குப் பின்னால நின்னு எத்தனை வருசம் பாத்திருப்பீங்க? இந்தக் கழுத்தை எனக்குத் தெரியாதாக்கும்?"

மருதாசலம் தாளைப் பிடுங்கி மடியில் செருகினார். அண்ணன் பக்கம் தங்கச்சி பேசுகிறாள், வேறென்ன என்று சொல்லிக்கொண்டார். ஆனால் காட்டுக்குப் போகிற வழியில் வாய்க்கால் தண்ணீரைக் குனிந்து பார்த்தார். அதில் நேர்முகம்தான் தெரிந்தது. பக்கவாட்டாகத் திரும்பினால் முகம் போய்விடுகிறது. நாவிதன் காட்டுகிற கண்ணாடியிலும் அப்படித்தான். மச்சானுடைய பக்கவாட்டு முகத்தை ஆயிரம் சந்தையில் பார்த்தவர், தன்னுடையதை ஒரு நாளும் பார்த்ததில்லை. அது எப்படி இருக்கும் என்று நாற்பத்தெட்டு வயசில் முதல் தடவையாக ஒரு சந்தேகம் வந்தது. வேறு யார்மேலும் இல்லாத சந்தேகம் என்பதால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, மாடுகள் வந்து சேருமுன்பே அங்கமுத்துவின் பெட்டிக்கு முன்னால் நின்றார்.

"நெசமான படம் போட்டுக் குடு."

"நாந்தான் அன்னைக்கே சொல்ல வந்தனுங்களே. கறுப்புத் தாளுல நெறம் மட்டுமில்லீங்க, பக்கமும் மாறிரும். வலது இடதாயிரும். மறுபடி எடுத்தா ரெண்டும் திரும்பிரும்."

மருதாசலம் மடியிலிருந்து மூன்றாவது தாளை எடுத்து நீட்டினார்.

அங்கமுத்து அதைப் பெட்டிக்கு முன்னால் ஒரு பலகையில் குத்தி நிறுத்தினான். மூடியைத் திறந்து மூடினான். துணிக்குழாய்க்குள் கையை விட்டுத் துழாவினான். ஈரத் தாளை எடுத்துத் தண்ணீர்ச் சட்டியில் போட்டான்.

தண்ணீருக்குள் வானம் வெள்ளையாக இருந்தது. சென்னிமலையின் கை வலது கையாக இருந்தது. கம்பத்துக்குப் பின்னால் நின்றவன் வலது காதில் கடுக்கனும், இடது காதில் அறுந்த சோணையுமாகக் கறுத்த முகத்தோடு அவரைத் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சந்தையில் ஒரு திருடனைப் பிடித்துத் தா என்று போலீஸ்காரனிடம் இந்தப் படத்தைக் கொடுத்தால், அவன் வேறு யாரையும் விசாரிக்க மாட்டான்.

"எல்லாத்தையும் போடு," என்றார் மருதாசலம்.

எட்டும் வந்தன. எட்டிலும் அந்த முகம். ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க அதை முன்பு எங்கோ சந்தித்திருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது. சந்தித்தது இல்லை, உடுத்தியது. வெள்ள வருஷத்தில் குமாரபாளையத்துக்காரனோடு இரண்டாம் துண்டு போட்டபோது, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாரே, அப்போது முகத்துக்குள்ளிருந்து உணர்ந்தது இது. இப்படி இழுத்த கழுத்து, இப்படித் திறந்த வாய். வெளியிலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருந்திருக்கும். மச்சான் இரண்டாம் துண்டு போட்டதைப் பார்த்ததும், மச்சானுக்கு இந்தத் தன் முகத்தைத்தான் மருதாசலம் மாட்டிவிட்டிருக்கிறார். அவரிடம் இருந்தது இது ஒன்றுதானே.

படத்தில் சென்னிமலையின் முகமோ வேறு. கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, காது மந்தமானவன் தூரத்துப் பேச்சைக் கேட்க முயற்சி செய்வது போல இருந்தது. வஞ்சகம் செய்கிறவன் அவ்வளவு கஷ்டப்பட மாட்டான். மருதாசலத்துக்கு அனுபவம் உண்டு.

"மிச்சம் ரெண்டு ரூவாங்க," என்றான் அங்கமுத்து, பேரத்துக்குத் தயாராகக் கையைக் கட்டிக்கொண்டு.

மருதாசலம் இரண்டு ரூபாயை எடுத்து வைத்தார். அங்கமுத்து அதைத் தட்டிப் பார்த்தான், கடித்தும் பார்த்தான். இவர் பேரம் பேசாமல் கொடுத்த காசு நல்ல காசாக இருக்குமா என்று அவனுக்கும் சந்தேகம்.

"அது என்ன மாப்ளை, கையில?"

சென்னிமலை பின்னால் நின்றார். மறைக்க நேரமில்லை. ஈரப் படத்தை மடியில் செருக முடியாது.

"மாரி வந்து சொன்னான்," என்றார் சென்னிமலை. "நாளு சரியில்லைன்னு. எந்த நாளுங்க மாப்ளை? வெள்ளிக்கெழமையா, இல்ல நம்ம நாளா?"

சென்னிமலை படங்களை அவர் கையிலிருந்து இடது கையால் வாங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தார்.

"நெம்பச் சுத்தமா உளுந்திருக்குது," என்றார். "சக்கரத்துக்குப் பின்னால நீங்க நிக்கறது எனக்குத் தெரியுமுங்க. அஞ்சு சந்தையாத் தெரியும். நீங்க ஒளிஞ்சா மாட்டுக்கே தெரியுதே, எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏனுங்க மச்சான் கேக்கல?"

"நீங்க ஏன் கேக்கல?"

ஒரு செவலைக் கன்று வந்து தண்ணீர்ச் சட்டியை மோந்துவிட்டுப் போயிற்று.

சென்னிமலை தோளிலிருந்த துண்டை எடுத்தார். பெட்டிக்காரனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தன் வலது கையை நீட்டி அதன்மேல் போட்டார். "கையை உள்ள உடுங்க. புடிங்க."

மருதாசலம் துண்டுக்குள் கையை விட்டுப் பிடித்தார்.

"ரெண்டு," என்றார் சென்னிமலை.

"மச்சான், அஞ்சையும் புடிச்சிருக்கறனுங்க."

"அதானுங்க சங்கதி. சித்திரையில அந்தப் பெருந்துறைக் காளை கையை மிதிச்சுதே, வீக்கம் வடிஞ்சு போச்சுன்னு சொன்னனே. வீக்கம் வடிஞ்சுது. கூடவே உணர்ச்சியும் போயிருச்சு. கட்டை விரலும் அடுத்த விரலுந்தான் என்ற விரலு. மிச்சம் மூணும் யாரு விரலோ. ஒரு தடவை புடிச்சா நெதானம் தெரியறதில்லை. அதான் வெலை முடிஞ்ச பொறகு தள்ளிக் கூட்டிப் போயி இன்னொருக்கா அழுத்திப் புடிக்கச் சொல்லிச் சரிபாக்கறது."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்னங்க?"

"உங்ககிட்டயா?" சென்னிமலை சிரித்தார். "பல்லுப் போன மாட்டை நீங்க எப்படிப் பாப்பீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா? சந்தைக்குத் தெரிஞ்சா என்ற தரகு முடிஞ்சுது. உங்களுக்குத் தெரிஞ்சா, தரகு முடிஞ்சவன் ஊட்டுல பொண்ணைக் குடுப்பீங்களோ மாட்டீங்களோன்னு ஒரு இது. உப்புச்சர்க்கரை மாத்துன பொறகு சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

மருதாசலம் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனடியில் மச்சானுடைய கை இன்னும் அவர் கைக்குள் இருந்தது. விரல்கள் வெயிலில் கிடந்த மூங்கில் மாதிரி சூடாக, கனமில்லாமல் இருந்தன.

"வெள்ளிக்கெழமையே வெச்சுக்கலாமுங்க மச்சான்," என்றார். "மாரியை மறுபடி அனுப்பறேன். நாளு நல்லாத்தான் இருக்குது. குறிச்சவன் கண்ணுதான் சரியில்ல."

"அப்ப சரி," என்றார் சென்னிமலை. "இனிமேலு வாங்கறவங்க பக்கம் நீங்க துண்டு போடுங்க. நான் விக்கறவங்களைப் பேச்சுல பாத்துக்கறேன். நம்பித்தான் உடறேன்."

அந்தக் கடைசி வார்த்தை மருதாசலத்தை எங்கேயோ குத்தியது. இனிமேல் வாங்குகிறவன் கொடுக்கிற விரல் அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் வந்து சொல்வதுதான் விலை.

துண்டை எடுக்கச் சென்னிமலை இடது கையை நீட்டினார். "சித்தெ இருங்க," என்றார் மருதாசலம். துண்டுக்குள், மச்சானுடைய செத்த விரல்களில் ஒன்றைப் பிடித்தார். விட்டார். பிறகு அதே மூன்றில் இரண்டைப் பிடித்தார். முதல் பிடி பத்து ரூபாய், அடுத்த பிடி இரண்டு. உணர்ச்சியுள்ள இரண்டு விரல்களையும் தொடாமல் பார்த்துக்கொண்டார்.

"ஏதாச்சும் புடிச்சீங்களா மாப்ளை?"

"இல்லீங்க மச்சான். சும்மா."

அன்று நடந்து வீடு திரும்பும்போது மருதாசலம் மனக்கணக்குப் போட்டார். முகம் ஆறணா வீதம் எட்டுக்கு மூன்று ரூபாய். முன்னால் கொடுத்தது ஒன்று, இன்று கொடுத்தது இரண்டு. பெட்டிக்காரனுக்குத் தீர்ந்தது. உப்புச்சர்க்கரை வெள்ளிக்கிழமை, அதுவும் தீர்ந்தது. காளியாத்தாளுக்கு, கழுத்தை அடையாளம் சொன்னதற்கு, படம் ஒன்று காட்ட வேண்டும். அதை இன்றைக்கே தீர்த்துவிடலாம். வெள்ள வருஷத்துப் பன்னிரண்டு ரூபாய் துண்டுக்குள் கட்டியாயிற்று. வாங்கின கைக்கு வரவு தெரியவில்லை.

பாக்கி பன்னிரண்டு.